அக்கா பெயர் போடுவதில்லை

திருப்பதி
10.11.2024

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

தம்பி கோவர்த்தனன் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நீயும் மாமாவும் தருணும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் வந்துவிட்டதே, உன் முழங்கால் என்ன சொல்கிறது?

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை. மாமாவின் அம்மாவுக்குக் காரியம் நடந்த அன்று, திருப்பதியில் கட்டிலில் படுத்துக்கொண்டே "பஸ் பூதலப்பட்டு தாண்டிடுச்சு, வந்துகினே இருக்கேன்" என்று சொன்னவன் நான். பந்தி முடியும்வரை நீ எனக்காக இலை போட்டு வைத்திருந்ததாக மாமா பிறகு சொன்னார். அதனால்தான் கடிதம். வாயால் பேசினால் எனக்குப் பொய் தானாக வருகிறது. எழுதினால் எழுதியது கண்முன்னே கிடக்கிறது, அடித்துத் திருத்த முடிகிறது.

வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றே முக்கால் வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போகிறேன். சிமென்ட் ஷீட் போட்ட சின்னக் கூடம், பிரசங்கம் தெலுங்கில். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் நீ பதில் போடுகிறாயா என்று பார்க்கிறேன். ஸ்டாம்பு ஒட்டிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
28.11.2024

தம்பி கோவர்த்தனனுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கடிதத்தைப் படித்துவிட்டு மாமா அரை மணி நேரம் சிரித்தார். "உன் தம்பி இந்தத் தடவ இன்னா புது வேஷம்?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆட்டோ நிறுத்தத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறாரே என்று பயம்.

உன்னை எனக்குத் தெரியாதா? மாலை போட்டாய். நாற்பத்தெட்டாம் நாள் மாலையைக் கழற்றிய கையோடு ஆணியில் மாட்டிவிட்டுப் பழைய ஆளானாய். மூலிகைப் பொடி விற்கப்போகிறேன் என்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு நகரி முழுக்கத் திரிந்தாய். அந்த டையைத்தான் மாமா ஆட்டோ கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறார். இப்போது இது. யார் அந்தப் பெண்? கிறிஸ்தவப் பெண்ணைக் கட்ட ஆசை என்றால் நேரே சொல்லிவிடு. மிஷன் பள்ளியில் வேலை தருவதாக யாராவது சொன்னார்களா? காரணம் இல்லாமல் நீ தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய்.

ஸ்டாம்பு ஒட்டிய உறை எதற்கு? என் கையெழுத்தின் மேல் உனக்கு என்ன திடீர் அக்கறை? நானே வேறு உறை வாங்கிப் போடுகிறேன். உன்னுடையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதே. சபைக்குப் போனால் போய்க்கொள். சொல்லவேண்டியது என்ன என்று சீக்கிரம் எழுது. நீ சொல்லாமல் வைத்திருப்பது எதுவும் இதுவரை நல்ல சேதியாக இருந்ததில்லை.

இப்படிக்கு
உன் அக்கா


திருப்பதி
8.12.2024

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை படித்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம். டை நல்ல வேலைக்குத்தான் போயிருக்கிறது.

பெண் இல்லை. வேலையும் இல்லை. கம்பெனி என்னை இங்கே குளிர்பதனக் கிடங்குக்கு மாற்றியதோடு சரி, அதே வேலைதான். இன்னும் ஞானஸ்நானம்கூட எடுக்கவில்லை. பாஸ்டர் இரண்டு முறை கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது.

27.5.2022, வெள்ளிக்கிழமை. கம்பெனியில் மாம்பழக் கூழ் சீசன் தொடக்கப் பூஜை. ஒன்பது பன்னிரண்டுக்கு முகூர்த்தம் என்று ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். ஷிப்டு பொறுப்பில் நான். மிஷினுக்கு முன்னால் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், முதல் கூடை தோத்தாபுரி மாம்பழம் எல்லாம் இருந்தது. நேரம் தவறினால் முதலாளி கத்துவார் என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஆனதும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பழம் கொட்டும் வாயில், உன்னோடு வேலை செய்த பத்மாவதி குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஷின் ஓடப்போகிறது என்று அடிக்கவேண்டிய மணியை அடிக்கவே இல்லை. அவளுக்கு வலது கையில் நான்கு விரல் போயிற்று.

அன்று சாயங்காலம் அறிக்கையில், "மணி அடித்த பிறகும் எச்சரிக்கையை மீறிக் கையை விட்டார்" என்று எழுதினேன். அதை வைத்துத்தான் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நஷ்டஈடும் இல்லை என்றார்கள்.

சபைக்கு முதலில் போனது ஒரு புண்ணியத்துக்கும் இல்லை. பக்கத்து அறைக்காரர் அவர்கள் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார், துன்னப் போனேன். அன்று பாஸ்டர், காணிக்கை கொண்டுவருகிறவன்மேல் இன்னொருவனுக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்றார். தட்டு என் முன்னால் வந்தது. என்னால் கையை நீட்ட முடியவில்லை. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும்போதும் அப்படித்தான். இத்தனை மாதமாக அது என்னைத் தாண்டியே போகிறது.

தொழிலாளர் ஆபீசில் போய் உண்மையை எழுதிக்கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்று நினைத்தேன்.

இப்படிக்கு
உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
20.1.2025

தம்பி கோவர்த்தனனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ சுகம்தானே? ஊருக்குப் போய் நைனா படத்துக்குப் படையல் போட்டோம். நைனாவுக்குப் பிடிக்கும் என்று வடை கொஞ்சம் கருகலாகவே சுட்டேன். நீ வருவாய் என்று சித்தப்பா வீட்டில் கேட்டார்கள். லீவு இல்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

தருண் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை வருகிறது. என்ஜினீயரிங்தான் என்கிறான். மாமாவுக்கு முதுகு வலி, அதிகம் ஓட்டுவதில்லை. இந்த மாதம் கம்பெனியில் கொய்யாக் கூழ் ஓடுகிறது. நான்தான் பெண்கள் பக்கம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறேன். நிரந்தரம் ஆக்கிய பிறகு வேலை இரட்டிப்பாகிவிட்டது.

சபையில் பேர் மாற்றுவார்களாமே? உனக்கு என்ன பேர் வைக்கப்போகிறார்கள்? நைனா வைத்த பேர் அது. அதில் கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று போய்ச் சொல்.

எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் புதிது. உறையின் ஓரம் பிரிந்திருந்தது. சில விஷயங்களைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு
உன் அக்கா


திருப்பதி
2.2.2025

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

நான் நலம். மாமாவுக்கு முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடு. தருண் நன்றாக எழுதவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று கேட்டு அவனைப் பயமுறுத்தாதே.

பேர் மாறாது. கோவர்த்தனன்தான். பாஸ்டரிடம் கேட்டேன், "கடவுளுக்கு உன் பேர் ஏற்கெனவே தெரியும்" என்று சிரித்தார்.

வடையிலிருந்து கொய்யா வரைக்கும் எழுதினாய். நான் எழுதியதற்கு ஒரு வரி இல்லை. உறையின் ஓரம் பிரிந்தது என் பசையால். எச்சில் தொட்டு ஒட்டினேன்.

அந்த அறிக்கையில் சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து இருக்கிறது, அக்கா. உன்னை எதிலும் இழுக்க மாட்டேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், மேலே பார். அது பொய்யாகும். நான் உண்மையைச் சொன்னால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "மணி அடித்தது என்று கையெழுத்துப் போடு" என்று உன்னிடம் சொன்னது நான்தான் என்று நிச்சயம் சொல்வேன்.

இன்னொன்று. உன் இரண்டு கடிதத்திலும் நீ பேர் போடவில்லை. முன்பெல்லாம் சுந்தரி என்று வால் நீட்டிப் போடுவாய்.

இப்படிக்கு
உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
11.2.2025

கோவர்த்தனனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எங்கள் நலத்தைத்தான் நீ கெடுக்கப் பார்க்கிறாய்.

இப்போது புரிந்துவிட்டது. போனில் பேசினால் சாட்சி இருக்காது. அதனால்தான் கடிதம், ஸ்டாம்பு ஒட்டிய உறை, "பேர் ஏன் போடவில்லை" என்ற விசாரணை எல்லாம். என் கையால் எழுதி வாங்கி ஆபீசில் காட்டப் பார்க்கிறாயா? சொந்த அக்காவுக்கே வலை விரிக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது, உன் பாஸ்டரா?

ஒன்பது பன்னிரண்டு, முகூர்த்தம், குங்குமம் என்று விலாவாரியாக எழுதியிருக்கிறாயே, நம் பூஜைமேல் பழி போடத்தானே? சாமி மாறியதும் பழைய சாமி கசக்கிறதா?

தருணை என்ஜினீயரிங் சேர்க்கும் நேரம். மாமாவால் முன்னைப்போல் ஓட்ட முடியவில்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பொய்ச் சாட்சி சொன்னவள் என்று ஆனால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளுவார்கள். பத்து வருடம் சீசன் கூலியாக இருந்து வாங்கிய இடம் இது. நீ ஞாயிற்றுக்கிழமை ரொட்டித் துண்டு தின்பதற்கு நாங்கள் தெருவில் நிற்கவேண்டுமா?

கொஞ்சம் பொறு, இன்னும் இருக்கிறது. இங்கே வேலை செய்த கன்னிகா இப்போது திருச்சானூரில் இருக்கிறாள். நேற்றுப் போனில், "அக்கா, உன் தம்பி தினம் காலைல எங்க எதிர்வீட்டுக்கு வந்துகினு போய்க்கினு இருக்கான். அங்க ஒரு பொம்பளயும் அவ பொண்ணும்தான். புருஷன் பெங்களூருல கட்டட வேல" என்றாள். இதுதானா உன் ஜெபம்? பெண் இல்லை என்று எழுதிய கை கூசவில்லையா?

நானே வந்து பார்க்கிறேன். எப்போது என்று சொல்லமாட்டேன்.

உன் அக்கா


திருப்பதி
16.2.2025

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

நலமே. உன் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடு.

வா. எதிர்வீட்டு விஷயத்தை நான் விளக்கமாட்டேன். விளக்கினால் முன்பே ஜோடித்து வைத்தேன் என்பாய். காலை ஆறே முக்காலுக்கு அங்கே இருப்பேன். ஞாயிறும் பள்ளி விடுமுறை நாட்களும் தவிர. கன்னிகாவுக்குத் தெரியும்.

முகூர்த்தத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பு செய்தது என் விரல்.

பாஸ்டரும் உன்னைப்போலத்தான் சொல்கிறார். "ஆண்டவர் உன்னை மன்னிச்சிட்டார், ஆபீசுக்கெல்லாம் எதுக்கு போறே? ஞானஸ்நானம் எடு" என்கிறார். நல்ல மனுஷன். ஆனால் விரல் போனது அவருக்கில்லையே. எனக்கும் இல்லை.

இப்படிக்கு
உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
9.3.2025

தம்பி கோவர்த்தனனுக்கு,

நானும் வீட்டில் உள்ளவர்களும் சுகம். உன் சுகத்தைப் போன திங்கட்கிழமை கண்ணால் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலமே வந்து கன்னிகா வீட்டில் தங்கிவிட்டேன். காலையில் ஜன்னல் திரையை விலக்கி உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரி மாதிரி இருக்கிறாய் என்று கன்னிகா கேலி செய்தாள். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முக்காடு போட்டதுபோல் வலது கையைப் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பத்மாவதி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கன்னிகாவுக்கு முன்பே தெரியும். சொன்னால் நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

நீ சைக்கிளில் வந்தாய். மணி ஏழாக ஐந்து நிமிடம். "ஏன் லேட்டு?" என்று அவள் அதட்டினாள். நீ "தூங்கிட்டேன்" என்றாய்.

அதைக் கேட்டதும் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். உன் முப்பத்தெட்டு வயதில் நீ ஒரு தரமாவது அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. டயர் பஞ்சர் என்றிருப்பாய், ரேணிகுண்டா கேட் போட்டுவிட்டான் என்றிருப்பாய், யாராவது செத்துப் போயிருப்பார்கள். தூங்கிவிட்டவன் தூங்கிட்டேன் என்கிறான். இதுகூடப் புது நடிப்போ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பார்க்க ஆள் இருப்பதே தெரியாமல் யாருக்காக நடிப்பாய்?

பிறகு அந்தச் சின்னப்பெண் சுஷ்மிதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீ சீப்பை எடுத்து உச்சி எடுத்தாய். "வகிடு கோணல், மறுபடி எடு" என்று பத்மாவதி பின்னாலிருந்து உத்தரவு போட்டாள். இரண்டு பின்னல், மடித்துக் கட்டி, பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பன். உன் தடிக்கை விரலில் ரிப்பன் இரண்டு தடவை நழுவியது. அந்தப் பெண் "அய்யோ மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் போய்விட்டாய். அவள் உனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, நீயும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

நீ தெருமுனை திரும்பியதும் நான் போனேன். "ஏம் காவாலி?" என்று தெலுங்கில் கேட்டாள், முன்பின் தெரியாதவளிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுபோல். பிறகு அவளே பேசினாள். "உன் தம்பி மூணு தபா வந்து அழுதான். மூணு தபாவும் துரத்திட்டேன். நாலாவது தபா வந்தப்போ நான் இடது கையாலயும் பல்லாலயும் பொண்ணுக்கு ரிப்பன் கட்டிக்கினு இருந்தேன். ஸ்கூல் ஆட்டோ வெளிய ஹாரன் அடிக்கிறான். இவன் நின்னு அழுவுறான். 'கை இருக்குல்ல உனக்கு? பின்னு'ன்னு சொன்னேன். ஒன்றர வருஷம் ஆச்சு, பின்னிக்கினு இருக்கான்."

மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அத எதுக்கு நீ கேக்கறே?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்றரை வருடம் என்பது நாற்பத்தெட்டு நாளைவிடக் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உன்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் விட்டுவிட மாட்டாய் என்று யார் கண்டது? பின்னுகிறாய் அல்லவா, அதோடு போதும். ஆபீசுக்குப் போகாதே. இந்த சீசன் முடியும்வரையாவது பொறு. உன் அக்கா கேட்டு நீ எதுவும் செய்ததில்லை, இதைச் செய்.

இப்படிக்கு
உன் அக்கா


திருப்பதி
6.4.2025

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே நான்கு வாரம் வைத்திருந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. தருண் பரீட்சை முடித்திருப்பான், அவனை நன்றாகத் தூங்கவிடு.

நீ கேட்டதைச் செய்யவில்லை. புதன்கிழமை ஆபீசில் எழுதிக்கொடுத்துவிட்டேன். நகல் உள்ளே இருக்கிறது.

பின்னலோடு போதும் என்று நானும் ஒன்றரை வருடம் நினைத்தேன், அக்கா. ஆபீசுக்குப் போகாமல் இருக்க அதுதான் நல்ல சாக்காக இருந்தது. தினம் காலையில் கொஞ்சம் திட்டு வாங்கினால் அன்றைய பங்கு முடிந்தது என்று வந்துவிடுவேன். நீ எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. பத்மாவதியிடம் சொன்னேன். "மூணு வருஷம் ஆச்சா உனக்கு? சரி. வகிட்ட நேரா எடு" என்றாள். அவ்வளவுதான்.

கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கும் பகுதியில் சேர்ந்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குத்தான் வேலை தொடக்கம், அதனால் ஆறே முக்காலுக்கு இடைஞ்சல் இல்லை. அடுத்த மாதம் ஞானஸ்நானம். அப்பம் இனி என்னைத் தாண்டிப் போகாது.

ஜூன் 12 அன்று சாட்சியை விசாரிப்பார்களாம். உனக்குக் கடிதம் வரும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். ஒரு தரம் சொல்லிக்கொடுத்தேன், அது போதும்.

பத்மாவதி உன்னிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்படிக்கு
உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
1.6.2025

தம்பி கோவர்த்தனனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சோப்புத் தண்ணீரில் கை வெந்துபோகும், படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். இங்கே மாமாவும் தருணும் சுகம். எனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை.

நீ அனுப்பிய நகலை அன்றைக்கே படித்தேன். என் பேர் எங்கே வருகிறது என்றுதான் முதலில் தேடினேன். "சாட்சியாக இருந்த என் அக்கா மணியோசை கேட்கவில்லை. நான் சொன்னதால் கையெழுத்துப் போட்டார்" என்று ஒரே வரி. உன்னைப் பற்றி இரண்டு பக்கம். என்னை மாட்டிவிடுவாய் என்று நான் எத்தனை கணக்குப் போட்டிருந்தேன் தெரியுமா? படித்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ எழுதியது அத்தனையும் நிஜம். ஆனால் முழுசு இல்லை. மீதி உனக்குத் தெரியாது.

போன வாரம் மேனேஜர் சுரேஷ்பாபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, பன்னெண்டாந்தேதி கேப்பாங்க. முன்ன எழுதினதையே சொல்லிடு. மணி அடிச்சுது, அவ்ளோதான். வேற ஒண்ணும் வாணாம். தருணுக்கு சீட்டு நான் பேசி வெக்கிறேன்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை சீசன் பூஜை. காலை பத்து இருபதுக்கு முகூர்த்தம். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், முதல் கூடை எல்லாம் வழக்கம்போல். புதிதாகச் சேர்ந்த ரேஷ்மா என்ற பெண் பூத்தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். மிஷினின் வாய்ப் பக்கம் பொட்டு வைக்காமல் விட்டிருந்தது. "வாய்ல வெக்கல பாரு, ஓடிப்போய் வெச்சிட்டு வா" என்று என் வாய் வரை வந்துவிட்டது.

அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன், கோவர்த்தனா. பத்மாவதி தானாகப் போகவில்லை. நான் அனுப்பினேன். ஒன்பது பத்துக்கு அனுப்பினேன். ஆள் உள்ளே கை விட்டிருக்கிறாள், நிறுத்து என்று உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நான் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன்.

நீ கையெழுத்துப் போடு என்றபோது நீ சொன்னதற்காகப் போட்டேன் என்றா நினைக்கிறாய்? அவள்மேல் தப்பு என்று ஆகிவிட்டால் யார் அனுப்பினார்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் போட்டேன். மூன்று வருடமாக உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். உன்னைத் திட்டும்வரைக்கும் என் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் அல்லவா?

அன்று திருச்சானூரில் அவள் கேட்டது இதுதான். "வெச்சிட்டு வான்னு அனுப்புனது நீதானேக்கா? நான் யாருக்கும் சொல்லல. உன் தம்பிக்கும் சொல்லல. நீயே என்னிக்காவது வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருக்கேன். இன்னிக்கு அதுக்குத்தான் வந்தியா?" நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பொய் உனக்கு மட்டும் தானாக வருகிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை நான் ரேஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பொத்தான் பக்கம் இருந்த ஆளை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைக்க வைத்துவிட்டு, நானே போய்ப் பொட்டு வைத்தேன். பத்து இருபது போய்ப் பத்து முப்பத்தொன்று ஆகிவிட்டது. முதலாளி கத்தினார். ஐயர் மறுபடி பஞ்சாங்கம் பார்த்து, "இதுவும் நல்ல நேரந்தான்" என்றார். மணி அடித்த பிறகுதான் மிஷின் ஓடியது.

பன்னிரண்டாம் தேதி போய் இதையெல்லாம் சொல்லப்போகிறேன். வேலை போகும். மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு, "முதுவுக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டலாம்" என்றார். தருண் வேலூரில் பாலிடெக்னிக் விசாரிக்கிறேன் என்கிறான். பயமாகத்தான் இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது.

உன் சபைக்கெல்லாம் நான் வரமாட்டேன். எனக்கு என் சாமி போதும். உன்மேல் சந்தேகமும் முழுதாக விடவில்லை, மாதம் ஒரு தடவை கன்னிகா வீட்டு ஜன்னலில் வந்து உட்காருவேன், ஞாபகம் வைத்துக்கொள். முதல் தடவை பன்னிரண்டாம் தேதி முடிந்த மறுவாரமே, பள்ளிக்கூடம் திறந்ததும். அன்று ஜன்னலோடு திரும்பமாட்டேன், தெருவைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போவேன். ரிப்பன் எனக்கு நன்றாகக் கட்டவரும். சனிக்கிழமையில் நான் பின்னலாமா என்று அவளைக் கேட்கவேண்டும். துரத்தினால் மறுபடி போவேன்.

நீ முதலில் அனுப்பிய ஸ்டாம்பு ஒட்டிய உறை பெட்டியில் அப்படியே இருந்தது. இதை அதில்தான் போடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. பன்னிரண்டாம் தேதிக்குள் என் மனம் மாறினாலும் மாறும், நானும் உன் கூடப் பிறந்தவள்தானே. நான் வராவிட்டால் இதை எடுத்துப்போய் ஆபீசில் காட்டு.

இப்படிக்கு

ச. சுந்தரி
கணவர் பெயர் சம்பத்
பெண்கள் பிரிவு மேஸ்திரி
சித்தூர்